வெள்ளிக்கிழமை போடாத மாத்திரை

ஒரகடம் ஷேர் ஆட்டோவில் நான் ஒரு சீட்டும் என் தொப்பை ஒரு சீட்டுமாக உட்கார்ந்திருந்தோம். எதிரே கம்பெனி யூனிபார்மில் மேரி, செல்வி என்று இரண்டு பெண்கள்.

"உடம்பு எளைக்க டாக்டர் குடுத்தாரே, பசி அடக்குற மாத்திரை, அத வெள்ளிக்கிழமைல போடமாட்டேன்டி," என்றாள் மேரி. "அன்னிக்கு கேன்டீன்ல பிரியாணி."

"அப்புறம்?"

"சனிக்கிழமை ரெண்டா போட்டுக்குவேன்."

"அதான் போன சனிக்கிழமை கம்பெனி லைன்ல நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு உக்காந்துட்டியா? டாக்டராண்ட சொன்னியா?"

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாருடி!"

"சொல்லாங்காட்டி மூச்சே நின்னுடும்." செல்வி டிரைவரைத் தட்டினாள். "அண்ணே, கிளினிக்காண்ட நிறுத்து."

"ரெண்டு போட்டத மட்டும் சொல்லாதடி, திட்டுவாரு!"

"அத மட்டுந்தாண்டி சொல்லப்போறேன். எறங்கு!"