கொடி அடுப்பு

தாமல் ஏரியோரம் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண், பக்கத்தில் இருந்த தாடிக்காரனிடம் சொன்னாள்:

"'பேக் பர்னர்' வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு. நாளைக்கு இண்டர்வியூவுல உளறாத."

"சிகரெட்டை பேக் பர்னர்ல வெச்சிட்டேன்."

"தப்பு. அது நீ விட்டுட்டது. முக்கியமான வேற வேலை இருக்குது, இது அப்புறம்னு தள்ளிவெச்சாத்தான் அப்படிச் சொல்லணும்."

"புரியலமா."

"எங்க வீட்டு விறகடுப்புல சோறு வேவும். குழம்பைப் பக்கத்துல கொடி அடுப்புக்கு நகத்திடுவாங்க. அதுக்குத் தனியா தீ கிடையாது. ஆனா கொதிச்சிக்கினுதான் இருக்கும்."

ஏரித்தண்ணீர் மினுங்கியபடி கூடவே வந்தது. அவன் போனை எடுத்து ஒரு பழைய மெசேஜைத் தேடினான்.

"நம்ம கல்யாணத்தை பேக் பர்னர்ல வெச்சிட்டேன்னு மெசேஜ் போட்டியே. முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சித்தான் பெங்களூர் வேலைக்கே அப்ளை பண்ணேன்."

"தங்கச்சி படிப்பு முடியட்டும்னு தள்ளிவெச்சேன். நான் சரியாத்தான்பா எழுதியிருந்தேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"சரி, இன்னொரு வாக்கியம் சொல்றேன். பெங்களூரை பேக் பர்னர்ல வெச்சிட்டேன்."

அவள் ஏரியைப் பார்த்தபடியே சொன்னாள்: "இது கரெக்ட்."