வார்டுக்குப் போன நாற்காலி

எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் மாலைப் படகில், என் எதிரே மணி என்பவரும் அவர் மச்சினன் கிட்டுவும் உட்கார்ந்திருந்தார்கள். மணியின் மனைவி விசாலம் அவர்களோடு இல்லை. மூட்டுவாதத்தில் தேய்ந்த இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ள அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஓட்டை நாற்காலியைத் தூக்கிண்டு போனதைப் பார்த்து வார்டே சிரிச்சுது, அத்திம்பேர்," என்றான் கிட்டு. நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"சிரிக்கட்டுமேடா. உங்கக்கா அதுல உக்காந்து பாத்துட்டுத்தானே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டா!"

"ஒரு வாரமா மாட்டேன் மாட்டேன்னா. கத்திக்குப் பயம்னு நாமளே தீர்மானம் பண்ணி, டாக்டரை மூணு தடவை பேச வெச்சோம்."

"அந்த டாக்டர் சொன்னதுதான் வினை. இனிமே குந்தி உக்காரவே கூடாதுன்னுட்டார். நம்மாத்துக் கக்கூஸ்ல குந்தாம என்ன பண்ணுவா, பாவம்! ஆம்பளை டாக்டர்கிட்ட கேக்க வெக்கம். என்கிட்டயும் சொல்லலை. கடைசில நர்ஸ் சேச்சிகிட்டயாக்கும் சொல்லியிருக்கா. கக்கூஸ் மேல போட்டு உக்கார ஓட்டை நாற்காலி போறும்னு சேச்சிதானே யோசனை சொன்னா."

"ஓணத்துக்குள்ள நடந்துடுவாளோ?"

"கம்பு ஊணிண்டு நடப்பா. உன்னை விரட்டி அடிக்க அது போறும்."

படகு ஜெட்டியை நெருங்கியது. கிட்டு விரல் விட்டு எண்ணினான்.

"பழைய சாமான் கடையில நாற்காலி பதினெட்டு ரூபா. ஓட்டை போட்ட ஆசாரிக்கு மூணு. காலம்பற படகுல அதுக்கும் டிக்கெட் கேட்டான், அது அரை. அக்கா சம்மதிக்க, அத்திம்பேர், மொத்தம் இருபத்தொண்ணரை ரூபா!"