பெர்லாவுக்குச் சளி

கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டை மீனை உயிரோடு வாங்கி வந்து குளியல் தொட்டியில் விடுவது எங்கள் ப்ர்னோ நகரத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பண்டிகை வரும்வரை வீட்டில் யாரும் சரியாகக் குளிக்க முடியாது. நான் இந்த முறை மீனைக் கொஞ்சம் முன்னதாகவே வாங்கிவிட்டேன், அவ்வளவுதான். அதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

பெர்லா என் மகள் ரத்கா வளர்த்த மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன வகை. ப்ராகில் ரத்காவுக்கு வேலை கிடைத்தது. அங்கே வீட்டுக்காரர் பாம்புக்கு இடமில்லை என்றதால் பெர்லா என்னிடம் தங்கினாள். என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ரத்கா நல்ல பெண். ஞாயிறுதோறும் போன் செய்வாள். "பெர்லா எலி தின்னாளாப்பா?" என்று கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மறந்துவிடுவாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் பெர்லாவின் கண்ணாடிப் பெட்டியில் இருந்த சூட்டு விளக்கு தானாகவே பழுதானது. பெர்லாவுக்குச் சளி பிடித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். போனில் சொன்னதும் ரத்கா அடுத்த ரயிலில் வந்துவிட்டாள்.

விலங்கு மருத்துவமனையில் பெர்லாவை வைத்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள என்னம்மா, பூனையா?" என்றார் நாய்க்குட்டியோடு வந்த ஒருவர்.

"பாம்பு சார்."

அவர் நாயைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க, இவளுக்கு நாய்க் கறி பிடிக்காது" என்றாள் ரத்கா. சிரித்தபடியே என் தோளில் தலையைச் சாய்த்தாள். அவள் அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்தது அன்றுதான்.

ஊசி போட்டதும் பெர்லா தேறினாள். ரத்கா ப்ராகுக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த முறை விளக்கைக் கழற்றியது நான்தான். ரத்கா வந்தாள். மறுபடி பக்கத்து நாற்காலி, மறுபடி தோள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பெர்லாவைக் கொஞ்ச நேரம் ஊறவிடச் சொன்னார் டாக்டர் ஹவ்லினோவா.

"தொட்டியில கெண்டை இருக்கே" என்றேன்.

"அடடா, வீட்ல ஒரு வாளி கூடவா இல்ல?" என்று டாக்டர் சிரித்தார். "அப்பா எதையும் முறைப்படி செய்யறவர் டாக்டர்" என்றாள் ரத்கா.

நான் முறைப்படியே செய்தேன். டாக்டர் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடமும் குறையாமல் பெர்லாவை ஊறவைத்தேன். தண்ணீர் மட்டும் கெண்டையினுடையது. கெண்டைக்குச் சில்லென்ற தண்ணீர்தான் வேண்டும், வெந்நீர் ஊற்றினால் செத்துவிடும். பெர்லா சூடு தேடி என் மணிக்கட்டைச் சுற்றிக்கொள்வாள். நான் மெதுவாகப் பிரித்து மறுபடியும் தண்ணீரில் விடுவேன். தடவிக்கொடுப்பேன். "ரத்கா வந்துடுவாம்மா" என்று சொல்வேன். அவளிடம் நான் ஒருநாளும் முரட்டுத்தனமாக நடந்ததில்லை.

கடைசி முறை டாக்டரின் மேசைக்குப் போகுமுன்பே, ரத்காவின் மடியில் பெர்லாவின் மூச்சு நின்றுவிட்டது. ரத்கா அவளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது வயிற்றடியில் ஒட்டியிருந்த ஒரு பெரிய மீன் செதில் அவள் விரலில் வந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"தொட்டித் தண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள். "சின்ன வயசுல அதுல கைய விட்டா விரல் மரத்துப்போகும். நீதான் ஊதி ஊதிச் சூடாக்குவ."

பிறகு எழுந்து எதிர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். புகார் கொடுத்தது அவள்தான் என்று நீங்கள் சொல்லாமலே தெரியும்.

வழக்கு என்றால் சாட்சி சொல்ல அவளைக் கூப்பிடுவீர்கள் அல்லவா? ப்ராகிலிருந்து வர வேண்டுமே, கொஞ்சம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். இன்னொன்று ஐயா. நான் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். அதனால் பாதியை மறுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும்.