அடைப்புக்குறிகளை எண்ணுகிற முறை

றொசானா: எனக்கு ஞாபகம்தான் பிழைக்குதோ தெரியேல்ல, தயா... திங்கக்கிழமை இது இவ்வளவு கெதியா ஓடேல்ல.

தயாபரன்: எது?

றொசானா: அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதை எடுக்க நான் எழுதின முறைதான். இப்ப ஒரு செக்கன் கூட எடுக்கேல்ல. திங்கக்கிழமை இருபத்தாறு செக்கன். நீரும் பக்கத்தில இருந்தனீர்.

தயாபரன்: இருந்தனான்... செக்கனை எண்ணிக்கொண்டு இருக்கேல்ல.

றொசானா: எது கெதி எண்டு அளக்கிற ஆள், செக்கனை எண்ணாம வேற என்னத்தை எண்ணினீர்?

தயாபரன்: நீர் எத்தனை றோல்ஸ் சாப்பிட்டீர் எண்டு. மூண்டு.

றொசானா: அனே, ரெண்டு! மூண்டாவதில பாதி உமக்குத் தந்தனான்.

தயாபரன்: சரி, ரெண்டரை. இப்ப கேளும். மூண்டு முறையையும் ஒரே ஃபைலில ஓட்டியாச்சு. எங்கட டீம் லீடர் ஷிராஸ் நானாட பழைய முறை பதினொரு செக்கன். நெட்டில எடுத்த ரெடிமேட் முறை ஆறு. உம்மடது முக்கால்.

றொசானா: திரும்ப ஓட்டும்.

தயாபரன்: ஐஞ்சு தரம் ஓட்டியாச்சு.

றொசானா: ஆறாம் தரம் ஓட்டினா கம்ப்யூட்டர் அழுமே?

தயாபரன்: நான் அழுவன்... வேற ஆரும் எண்டா முதலாவதா வந்ததுக்குக் கேக் வெட்டுவாங்க. நீர் சண்டைக்கு வாறீர்.

றொசானா: பிழையா இருந்தா? அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி, அதுக்குள்ள இன்னொண்டு... எங்கயாவது ஒண்டை எடுக்காமப் பாய்ஞ்சிருக்கும். அதுதான் இவ்வளவு கெதி.

தயாபரன்: ஒண்டையும் விடேல்ல. ஒன்பதாம் அடுக்குக்குள்ள இருக்கிறதைக் கூடச் சரியா எடுத்துத் தந்திருக்கு. ஷிராஸ் நானாடதுதான் மூண்டாம் அடுக்கிலயே தடுமாறுது. திறந்தா ஒண்டைக் கூட்டு, மூடினா ஒண்டைக் கழி, சைபருக்கு வந்தா உள்ள இருந்ததை எடு... இவ்வளவு சிம்பிளா இங்க ஒருத்தரும் யோசிக்கேல்ல, றொசானா.

றொசானா: புகழாதையும்.

தயாபரன்: வேலை தந்த மெல்பர்ன் கொம்பனிக்காரரும் இதைத்தான் சொல்லுவாங்க.

றொசானா: அவங்கட கதையை எடுக்காதையும்.

தயாபரன்: ஏன்? அவங்கட கோட், அவங்கட அடைப்புக்குறி. உம்மட முறை முதலாவதா வந்தா ரெண்டு வருஷத்துக்கு உம்மை அங்க எடுக்கிறம் எண்டு சொன்னதும் அவங்கதான்.

றொசானா: வந்தாத்தானே...

தயாபரன்: வந்தாச்சு.

றொசானா: யன்னலுக்கு வெளிய ட்ரெயின் போகட்டும். இந்தச் சத்தத்தில கதைக்க ஏலாது.

தயாபரன்: ...போயிட்டுது.

றொசானா: தெரியும்... அம்மாவைத் தனிய விட்டுட்டு எப்பிடி, தயா?

தயாபரன்: உம்மட அம்மா தனியவா? கீழ் வீட்டில உம்மட றேமண்ட் அண்ணா, அண்ணி, ரெண்டு பிள்ளைகள். போன ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட, மகள் மெல்பர்ன் போகப்போறா எண்டு கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிட்டா. வெள்ளவத்தையில இருக்கிற எனக்கே ரெண்டு பேர் கோல் எடுத்தவங்க.

றொசானா: அவ அப்பிடித்தான். அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தியாச்சு... அங்க சரியான குளிராம்.

தயாபரன்: ஸ்வெட்டர் எண்டு ஒண்டு இருக்கு.

றொசானா: பகிடி விடாதையும்.

தயாபரன்: பகிடி இல்ல. மூண்டு வருஷமா இதே மேசையில இருந்து, வெளிய போய் பெரிய வேலை ஒண்டு செய்து பாக்கவேணும் எண்டு சொன்னது ஆர்?

றொசானா: நான்தான். அப்ப...

தயாபரன்: அப்ப?

றொசானா: அப்ப மேசைக்கு அங்கால ஆர் இருக்கிறது எண்டு நிமிர்ந்து பாக்கேல்ல.

தயாபரன்: தேத்தண்ணி ஆறுது.

றொசானா: நல்லாச் சொன்னீர்.

தயாபரன்: ...என்ன தேடுறீர்? மேலயும் கீழயும் போய்க்கொண்டு இருக்கிறீர்.

றொசானா: ஒண்டுமில்ல. இதுக்குள்ள ஒரு வரி இருந்தது.

தயாபரன்: என்ன வரி?

றொசானா: ஒரு... ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் முழு ஃபைலையும் புதுசா ஒருக்காக் கொப்பி எடுக்கிற வரி.

தயாபரன்: நாப்பதாயிரம் வரி ஃபைலை? ஊர்ந்துதானே ஓடும். நேத்துச் சேர்ந்த ட்ரெய்னி கூட அப்பிடி எழுத மாட்டாங்க.

றொசானா: யோசிக்காமக் கை போட்டிருக்கும். மனுசருக்குப் பிழை வராதே?

தயாபரன்: வரும். ஆனா பிழை விடுறவங்க அதை நடுவில, ரெண்டு பெரிய லூப்புக்கு இடையில, ஒருத்தற்ற கண்ணிலயும் படாத மாதிரி வைக்க மாட்டாங்க.

றொசானா: ...நடுவில எண்டு நான் சொல்லேல்லையே, தயா. நீர் கண்டனீர்.

தயாபரன்: ட்ரெயின் ஒண்டு...

றொசானா: ஒரு ட்ரெயினும் வரேல்ல! ஆர், எப்ப மாத்தினது எண்டு எல்லாம் இதில பதிவாகியிருக்கும். திறந்து பாக்கிறன்.

தயாபரன்: திறக்காதையும். அந்த வரியை எடுத்தது நான்தான்.

றொசானா: நான் போகாம இருக்கத்தான் போட்டனான் எண்டு தெரியாமலா எடுத்தனீர்?

தயாபரன்: தெரிஞ்சுதான்.

றொசானா: அப்ப நான் போனா உமக்கு ஒண்டுமில்ல.

தயாபரன்: அப்பிடி இல்ல.

றொசானா: பிறகு எப்பிடி? சொல்லும். நான் வெக்கத்தை விட்டு நிக்கிறன், நீர் இன்னும் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருக்கிறீர்.

தயாபரன்: புதன்கிழமை கண்டு, எடுத்தனான். வியாழக்கிழமை முழுக்க ஒரு வேலையும் ஓடேல்ல... பின்னேரம் அந்த வரியைத் திரும்ப அதே இடத்தில போட்டனான். இண்டைக்குக் காலமை நீர் வர முந்தித் திரும்ப எடுத்தனான். முக்கால் செக்கன் எண்டு ரெண்டு மணிக்கே ஷிராஸ் நானாவுக்கு அனுப்பிட்டன். அவர் உம்மட பேரை மெல்பர்னுக்குக் குடுத்திட்டார். நீர் போறீர், றொசானா. நான் இங்கதான் இருப்பன்.