திருமதி லூத்தியின் கப்பற் பயணத்துக்கு நான் எழுதிக் கொடுத்த கடதாசி

சோலோதுர்ன் கன்ரோன் (மாகாண) பொலிஸ் நிலையம். 17.11.1987, செவ்வாய்க்கிழமை, காலை 9.40.

வாக்குமூலம் தருபவர்: அந்தோனிப்பிள்ளை அலோசியஸ், வயது 39. பிறந்த இடம் ஊர்காவற்றுறை, இலங்கை. சோலோதுர்ன் நகரில் வேறு மூவருடன் ஓர் அறையில் வசிப்பவர். உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சண்முகலிங்கம் எழுதியது.

நான் வேலை செய்யும் உணவகத்துக்கு மேலே மூன்றாம் மாடியில் திருமதி ஹெட்விக் லூத்தி தனியாக இருக்கிறார். வயது எழுபத்தொன்று. முப்பத்தொரு வருடம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருந்தவர். பின்னேரம் இரண்டரைக்குக் கோப்பி குடிக்க, முழங்கால் நோவோடு, இறங்கி வருவார். இந்த வருடம் ஓகஸ்ட் மாதம் ஒருநாள் நான் மேசை துடைக்கப் போனபோது அவர் கப்பற் கம்பனியின் படப்புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தார். ரியோவில் ஒரு நாளைக்குள் ஏழு இடம் பார்க்கப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இன்று இந்தக் கதிரையில் இருந்திருக்க மாட்டேன். எனக்கு அந்தக் குணம் கிடையாது. "ஏழு இடமோ? உங்கடை முழங்காலுக்கு ரெண்டு இடமே கூட" என்று குசினியில் பழகிய கொஞ்ச டொச் மொழியில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலைக் கீழே சொல்வேன்.

அதன் பின்னர் கிழமைக்கு இரண்டு நாள், வேலை முடிந்ததும், அவர் வீட்டுக் குசினி மேசையில் இருந்து பயணத்தை ஒழுங்கு செய்தோம். ஜனவரி 10 புறப்பாடு, பெப்ரவரி 7 திரும்பி வருதல். தென்னமெரிக்கத் துறைகள் ஆறு: ரியோ, சாந்தோஸ், மொன்ரவிடியோ, புவனோஸ் அயர்ஸ், புன்ரா அரீனாஸ், வல்பரைசோ. ஒரு துறைக்கு ஓர் இடம்தான் என்று சட்டம் போட்டேன். அவர் சண்டை பிடித்தார். நான் விடவில்லை. மொன்ரவிடியோவில் பஸ் தேவையில்லை, துறைமுக வாசலுக்கு எதிரிலேயே சந்தை இருக்கிறது, இறைச்சி வாட்டும் மணத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து போகலாம் என்றேன். வல்பரைசோவில் மலைக்கு ஏறுவதற்கு லிப்ட் உண்டு, ஏறுங்கள், ஆனால் கடற்படைக் கப்பலையும் சிப்பாய்களையும் படம் எடுக்க வேண்டாம் என்றேன். புன்ரா அரீனாசில் காற்று மனிதரைத் தள்ளிக்கொண்டு போகும், தெருவில் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருப்பார்கள், அங்கே தொப்பி போட்டவர் தொப்பியை மறந்துவிட வேண்டியதுதான் என்றேன். பிரேசிலுக்குப் போட வேண்டிய ஊசியைப் பற்றி டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். அது என் வேலை இல்லை. எந்தத் துறையிலும் கப்பல் புறப்படுவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பே திரும்பிவிட வேண்டும், கப்பல் ஒருவருக்காகவும் நிற்காது என்று மூன்று தரம் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னதால் ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கடந்த சனிக்கிழமை, 14 ஆம் திகதி, அவருடைய மகன் திரு. ஊர்ஸ் லூத்தி தாயைப் பார்க்க வந்தபோது அந்தக் கடதாசி மேசையில் கிடந்திருக்கிறது. அதன் பின்னர் அவர் பொலிசுக்கு அறிவித்ததும், பொலிசார் என் அறைக்கு வந்து என் பெட்டியிலிருந்து திருமதி லூத்தியின் கடவுச்சீட்டுப் பிரதியையும் வீட்டுக் கதவுத் திறப்பையும் எடுத்ததும் சரி. நான் மறுக்கவில்லை.

இன்று காலை அதிகாரி அந்தக் கடதாசியை எனக்கு வாசித்துக் காட்டினார். "10.1 முதல் 7.2 வரை வீட்டில் ஆள் இல்லை. பொன் மணிக்கூடும் மோதிரமும் வீட்டில் விட வேண்டும். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று அலோவிடம். திறப்பு அலோவிடம். கரையில் பழக்கமில்லாதவர் கேட்டால் தனியாக வந்தேன் என்று சொல்லக் கூடாது." அலோ என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே இந்த ஆளைப் பிடித்து உள்ளே போடத்தான் வேண்டும் என்று பட்டது. சிரிப்பும் வந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மணிக்கூடு ரியோவில் பறிபோகாமல் இருப்பதற்கு, பிரதி கடவுச்சீட்டுத் தொலைந்தால் உதவுவதற்கு, திறப்பு பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்கு. வேறு ஒன்றுக்கும் இல்லை.

அதன் பின்னர் அதிகாரி கேட்டார்: "யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர், நாட்டை விட்டு வெளியே போகாதவர் என்று உம்முடைய அகதி விண்ணப்பக் கோவையில் இருக்கிறது. மொன்ரவிடியோ துறைமுக வாசலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று உமக்கு எப்படித் தெரியும்?" அவர் தொடர்ந்து, திருமதி லூத்தியிடம் நேற்று இதே கேள்வியை நாலு தரம் கேட்டதாகவும், நாலு தரமும் அவர் "அதை நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னதாகவும் சொன்னார். கடலையே கண்டிராத ஒரு கோப்பை கழுவுகிறவனை நம்பித் தாய் உலகம் சுற்றப் போகிறார், புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லி, அவரைப் பராமரிப்புச் சபையின் பொறுப்பில் விடவும் பயணத்தை நிறுத்தவும் மகன் விண்ணப்பம் எழுதிவிட்டதாகவும் சொன்னார்.

திருமதி லூத்தி வாய் திறந்திருந்தால் அந்த நிமிடமே தப்பியிருப்பார். நான் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டதற்காகத் தன்னைப் பைத்தியம் என்று எழுத விட்டுவிட்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் சொல்கிறேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் பேனையை வைத்துவிட்டு, "அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ. எழுதினா இது பேர்ணுக்கு, அகதி முடிவு எடுக்கிறவைக்குப் போகும்" என்றார். "போகட்டும் தம்பி. நீர் சொன்னதையும் சேர்த்து எழுதும்" என்றேன். அவர் பேனையை எடுத்து எழுதினார்.

திருமதி லூத்திக்கு அன்று நான் சொன்ன பதிலும் இதுதான். நான் புகையிலை நட்டவன் அல்ல. 1972 முதல் 1983 வரை கிரேக்கக் கப்பல்களில் கடலோடியாக இருந்தவன், கடைசி மூன்று வருடம் போசன், அதாவது தளத்து ஆட்களுக்குத் தலைவன். தென்னமெரிக்கக் கரையில் எனக்குத் தெரியாத துறை குறைவு. 1985 இல் அகதி விசாரணைக்குப் போக முன்னர் அகதி முகாமில் என்னுடன் இருந்தவர்கள், "கப்பலிலை போனனான் எண்டு சொல்லிப் போடாதை. இத்தனை நாட்டிலை இறங்கினனீ, ஏன் அங்கை கேக்கேல்லை எண்டு திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" என்றார்கள். பயந்து தோட்டம் என்று சொன்னேன். எத்தனை புகையிலைக் கண்டு நட்டீர் என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். அது பொய். என் தம்பி பேர்சியை 1984 மே மாதம் ஆமிக்காரர் வீட்டில் வைத்துக் கூட்டிப் போனதும், அவன் இன்னும் வராததும், அதன் பிறகு என்னைத் தேடி இரண்டு தரம் வந்ததும் பொய் இல்லை. அவற்றை இதனோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சான்று உண்டா என்று அதிகாரி கேட்டார். துறைக்குத் துறை முத்திரை குத்திய என் கடலோடிப் புத்தகத்தை ஒளித்து வைக்கக் கொடுத்திருந்தேன், அது திருமதி லூத்தியின் வீட்டில் நத்தார்ப் பண்டிகை மரச் சோடனைப் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். அதன் பின்னர் அடுத்த அறையில் இருந்த திருமதி லூத்தியை ஒரு பொலிஸ்காரர் காரில் கூட்டிப் போய்ப் புத்தகத்துடன் திரும்பி வந்தார். அதிகாரி முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாந்தோஸ் ஆறு, மொன்ரவிடியோ ஒன்பது, புன்ரா அரீனாஸ் இரண்டு. வெளியே காத்திருந்த மகனையும் கூப்பிட்டுக் காட்டினார். மகன் எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். பிறகு தான் எழுதிய விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். என்னைப் பார்த்து, "புன்ரா அரீனாஸ் காத்துக்கு அம்மாவுக்கு என்ன சப்பாத்து நல்லது?" என்று கேட்டார். "கணுக்காலைப் பிடிக்கிற சப்பாத்து. இஞ்சை மலைக்குப் போடுறதே போதும்" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அதிகாரி கடதாசியையும் திறப்பையும் திருமதி லூத்தியிடம் கொடுத்தார். என் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அது இந்த வாக்குமூலத்துடன் பேர்ணுக்கு அனுப்பப்படும் என்றார். ஓம் என்றேன்.

திருமதி லூத்தி அறையை விட்டுப் போக முன்னர் கதவடியில் நின்று, "துறைக்குத் துறை உமக்குக் கடிதம் போடுவேன். எந்த விலாசத்துக்கு எழுத?" என்று கேட்டார். "இதே விலாசம்தான். வேறை எங்கை போகப் போறன்? நீங்கள் திரும்பி வரேக்கை ஸ்ரேசனிலை வந்து நிப்பன்" என்றேன். அவர் சந்தோசமாகப் போனார்.

இவ்வாக்குமூலம் எனக்குத் தமிழில் இரண்டு தரம் வாசித்துக் காட்டப்பட்டது. கப்பல் பற்றிய பகுதியை எடுத்துவிட விரும்புகிறேனா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். திருமதி லூத்திக்குக் கதவடியில் கடைசியாகச் சொன்ன அந்தப் பதிலுக்கு மட்டும் என்னால் சத்தியம் பண்ண இயலாது. மற்றதெல்லாம் நான் அறிந்த அளவில் உண்மை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. அலோசியஸ்
போசன்