நாலரை மணிச் சூடு

— 'தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எங்கதான்டி போறே?'... ஏய் ஜெயஸ்ரீ, இது நான் உன்கிட்ட கேட்டதுதானே? மூணு வருஷத்துக்கு முன்னாடி?

— அண்ணா! அந்த நோட்டைக் குடு. அது என்னோடது.

— முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கே. இன்னும் மறக்கலையா?

— நீதான் மறந்துட்டே. குடுண்ணா, ப்ளீஸ்.

— இரு இரு. ஸ்கூலுக்குன்னு கிளம்பி, ஏரிக்கரையில உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ நீ. உன்னை நம்பச் சொல்றியா? நோட்டு எங்க இருந்துச்சு தெரியுமா? என் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னாடி. அங்க உனக்கு என்ன வேலை?

— பெருக்கும்போது வெச்சிருப்பேன்.

— பெருக்கும்போது... சரி, இது என்ன? 'மார்ச் ஒன்பது. காலை பத்து, முப்பத்திமூணு. மதியம் ஒண்ணு, முப்பத்திமூணு. சாயங்காலம் நாலு, முப்பத்திமூணு.'

— ...வெயில் எவ்வளவுன்னு எழுதினேன்.

— வெயில் ஒரு டிகிரிகூட நகராம நிக்குமா? பொய்யாவது ஒழுங்காச் சொல்லு. இது என் பெட்டி முன்னாடி சின்னதா மின்னுதே, அந்த நம்பர். உள்ளே ஓடுற தண்ணியோட சூடு.

— ஆமா.

— ஆமாவா? என்னை வேவு பாக்கச் சொன்னாரா அப்பா?

— அப்பா எதுவும் சொல்லல. எனக்கு அந்தப் பெட்டி பிடிக்கும். பிஸ்கட் டின் அளவுதான் இருக்கு. அதுக்குள்ள தண்ணி சுத்துது, ஒரு சத்தமும் இல்ல...

— சத்தம் வரக் கூடாதுன்னுதானே தண்ணியே வெச்சேன்! இல்லேன்னா ஃபேன் கத்தும். அதுவும் நான் சிப்போட வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கேன். அப்பா ஹால்ல நிம்மதியாப் பேப்பர் படிக்க வேண்டாமா? அந்தத் தகரப் பெட்டிக்காக திருமுடிவாக்கம் பட்டறைக்கு மூணு நடை அலைஞ்சேன்.

— சத்தமே இல்லேன்னா, அது வேலை செய்யுதா, சும்மா இருக்கான்னு எப்படிண்ணா தெரியும்?

— அதுக்குத்தான் நம்பர். வீட்லேர்ந்து நான் பாக்குற ஆபீஸ் வேலை, அந்த சினிமா கிராஃபிக்ஸ், ஓட்டினா சிப் கொதிக்கும். அந்தச் சூட்டைத் தண்ணி வாங்கிக்கும். அரை மணியில நாப்பத்தஞ்சு தாண்டிடும். சும்மா இருந்தா...

— சும்மா இருந்தா?

— ...முப்பத்திமூணு.

— ஜனவரிப் பக்கத்தைப் பாரு. நாப்பத்தஞ்சு, நாப்பத்தேழு. பிப்ரவரி பதினாலுக்கு அப்புறம் பாரு.

— ப்ராஜெக்ட் மாறிடுச்சு. இப்ப லைட்டான வேலை.

— மூணு மாசமாவா?

— ஏய், போதும். என் ஆபீஸைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

— ஹெட்செட் மாட்டிக்கிட்டுப் பேசுறியே, யார்கிட்ட? நேத்து அதோட வயர் எதுலயும் சொருகாம கீழ தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தேவதர்ஷினி அண்ணி வீட்லேர்ந்து உன் நிச்சயத்துக்கு வர்றாங்க. அவங்ககிட்டயும் லைட்டான வேலைன்னுதான் சொல்லப் போறியா?

— மெதுவாப் பேசு. அப்பா காதுல விழும்.

— அப்பா மாடியில துணி எடுக்கிறார்.

— ரெண்டு இடத்துல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன் ஜெயா. கிடைச்சதும் நானே அப்பாகிட்ட... இரு. இது என்ன, கடைசிப் பக்கம்? 'நாலரை மணி, நாப்பத்தாறு.' மறுநாளும் நாலரை, நாப்பத்தேழு. நாலு மணிக்கு நான் சானடோரியம் ரயில் ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கப் போயிடுவேனே. பெட்டியை யார் ஓட்டினது? நீதானா? பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?

— செத்துப்போன நம்ம நாய் பேரு. அதெல்லாம் ஒரு பாஸ்வேர்டா?

— யார்கூடடி பேசினே? என் மெயிலைப் படிச்சியா? உண்மையைச் சொல்லு!

— எதையும் திறக்கல. வாங்கின புதுசுல ஒரு டெஸ்ட் காட்டினியே, பட்டனை அழுத்தினா முழு மூச்சா ஓடுமே... அதை மட்டும் அழுத்துவேன். அரை மணி நேரம். நீ கேட்டைத் திறக்கிறதுக்குள்ள நிறுத்திடுவேன்.

— அது வேகம் தாங்குதான்னு பாக்குறதுக்கு! நீ எதுக்குச் சும்மா தண்ணியைச் சூடாக்கினே?

— அப்பா நாலரைக்குக் காபி டம்ளரை எங்கண்ணா வைப்பார்?

— பெட்டி மேல. ஆறாம இருக்கும்னு...

— போன மாசம் ஒருநாள் டம்ளரை எடுத்துட்டு, பெட்டி மேல கையை வெச்சார். ரொம்ப நேரம் வெச்சிருந்தார். 'இப்பல்லாம் காபி சீக்கிரம் ஆறிடுதும்மா, உங்க அண்ணனுக்கு வேலை இல்லையா?'ன்னு கேட்டார். மறுநாள்லேர்ந்து ஆறல. ஏரிக்கரையில என்னைப் பிடிச்சப்ப, நானாச் சொல்றவரைக்கும் நீ ஒரு மாசம் அப்பாகிட்ட வாயைத் திறக்கல. நானும் ஒரு மாசம் ஓட்டிட்டேன். இனிமே முடியாதுண்ணா. நேத்து அப்பா டம்ளரே கொண்டு வரல... வெறும் கையைத்தான் வெச்சார். ஏன் எழுந்துட்டே? திட்டவாவது செய்யேன்... அண்ணா, வாசல் இந்தப் பக்கம். அது மாடிப்படி... அப்பா இன்னும் மேலதான் இருக்கார். அண்ணா...