முந்நூறு ஜிபி அண்ணன்

மடிக்கணினியின் விசிறி இரையும் சத்தம் எங்கே கேட்டாலும், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போன அந்த டவுன் பஸ் எனக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. முன்சீட்டில் ஒரு நாத்தனாரும் அவளுடைய மதினியும். மதினியின் கணினி நாத்தனார் எஸ்தரின் மடியில் இரைந்துகொண்டிருந்தது.

“நாளைக்கு எனக்கு ஆன்லைன் பரீட்சை, எஸ்தரு. அதுக்கான சாப்ட்வேர் எறங்க எடமே இல்லங்குது.”

“எப்படி இருக்கும்? முந்நூறு ஜிபிக்கு எங்க அண்ணன்ல ஒக்காந்திருக்காரு!”

“அவியதான் துபாயில இருக்காவளே?”

“அவரு வீடியோவில பேசுனது அம்புட்டும் பதிவாயிருக்கு மதினி. ரெக்கார்டு பட்டன எதுக்கு அமுக்குனீய?”

“அத அமுக்காட்டி லைன் அந்துரும்னு நெனச்சேன்.”

எஸ்தர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“சிரிக்காத ஏட்டி. ரெண்டு வருசத்துல ஒரு நாளாவது அந்துச்சா?”

“சரி மதினி, அழிச்சாத்தான் பரீட்சை எழுத முடியும். என் பென்டிரைவில செத்த நேரப் பேச்சுதான் கொள்ளும். எத வைக்க?”

மடவார் வளாகம் நிறுத்தத்தில் கணினியை எஸ்தரிடமே விட்டுவிட்டு இறங்கிய மதினி, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“கொஞ்சுனதெல்லாம் அழிச்சிரு, அத மறுபடி கேட்டு வாங்கிக்கிடுவேன். சண்ட போட்டத மட்டும் வையி. அம்புட்டுலயும் நாந்தான் செயிச்சிருக்கேன்.”